ஒப்புக்கொண்டவளுக்கு ஓராண்டு

அனகாபுத்தூர்
24 மார்ச் 2025

ஹெப்சி,

இல்லை, கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்திருந்தால் போன் செய்திருப்பேன்.

போனில் இனி எதையும் எழுத மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். விசாரணை அறைத் திரையில் என் வாட்ஸ்அப் செய்தியைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். "பூட்டின வீட்டுக்கெல்லாம் குடும்பத்த நானே பெத்துக்குறேன் மச்சான்." ஆபேலுக்கு அனுப்பியது. கேன்டீனில் அதைப் படித்து நாம் மூன்று பேரும் சிரித்தோம். நீயும்தான். திரையில் அதில் சிரிப்பு இல்லை. வேறு யாரோ எழுதியதைப் போல இருந்தது. "இது உன்னுடையதா?" என்றார்கள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆகவே காகிதம். தாம்பரம் பக்கத்திலிருக்கும் உனக்கு அனகாபுத்தூரிலிருந்து தபால். போஸ்ட் ஆபீஸில் இருந்தவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுல போய் குடுத்துட்டு வந்துரலாமேம்மா" என்றார். கல்லூரிக்குள் நான் நுழையக் கூடாது. உன் வீட்டு வாசலில் உன் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இன்று ஆணை வந்தது. நீ கையெழுத்துப் போட்ட தாள். எனக்கு ஓராண்டு இடைநீக்கம். ஆபேலுக்கு எச்சரிக்கை, ப்ராஜெக்டை மறுபடி எழுதித் தந்தால் போதும். ஒரே ப்ராஜெக்ட், ஒரே அட்டை, அட்டையில் இரண்டு பெயர். வெள்ளம் வந்த தெருக்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்ப வேண்டிய படிவங்கள். பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு நாங்களே பதில் எழுதினோம். பாதி அவன். பாதி நான். ப்ராஜெக்ட்டைத் திருத்திய மேடம் சில வீடுகளுக்குப் போன் செய்து பார்த்தபோது, யாரும் வரவில்லையே என்று சொல்லியிருக்கிறார்கள்.

செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை.

ஜூலையில் சிறுசேரியில் வேலைக்குச் சேர வேண்டும். பட்டம் இல்லாமல் அந்த வேலை இல்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்தால் அந்த வருடம் சும்மா இருக்காது. யார் யாரோ வருவார்கள். என்னை உட்காரவைத்துப் பார்ப்பார்கள். உனக்குப் புரியும்.

விசாரணைக் குழுவில் மாணவர் பிரதிநிதி நீ. எதை வைத்து எங்களை இரண்டாகப் பிரித்தீர்கள்?

ஆபேல் உன் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன். இந்த வரியை எழுதாமல் விட நினைத்தேன். எழுதிவிட்டேன். அடிக்கவில்லை.

சித்திகா


சேலையூர்
28 மார்ச் 2025

சித்திகா,

சர்ச் வரியை நீ அடிக்காமல் விட்டது நல்லது. அடித்திருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்திருப்பேன்.

இல்லை. அதனால் இல்லை. ஆனால் எதனால் என்று எழுத உட்கார்ந்தபோது, சொல்லக்கூடிய காரணம் அதைவிட நன்றாக இல்லை.

முதலில் பெற்றோரைத் தனியாக உள்ளே அழைப்பது நம் கல்லூரி வழக்கம். நீ வெளியே நின்றிருந்தாய். உன் அத்தா உள்ளே வந்தார். நோன்பு என்று முகத்திலேயே தெரிந்தது. தண்ணீர் வைத்தார்கள், தொடவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கையைக் கூப்பி, "தப்புதான் சார். புள்ள இன்னா பண்ணியிருந்தாலும் தப்புதான். மன்னிச்சு விட்டுருங்க" என்றார். குழுத் தலைவர் ராஜகோபாலன் சார் பேனாவை மூடி வைத்தார். "அவரே தப்புன்னு சொல்லிட்டார். இன்னும் என்னம்மா விசாரிக்கணும்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான்தான் சின்னவள் என்பதால் இருக்கலாம். நான் தலையாட்டினேன்.

ஆபேலின் அப்பா பள்ளித் தலைமை ஆசிரியர். வந்ததும் உட்கார்ந்தார். "குற்றச்சாட்டை எழுத்துல குடுங்க, பதிலை எழுத்துல தர்றோம்" என்றார். திரையில் உன் செய்திக்குக் கீழே ஆபேலின் பதில் இருந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு கட்டைவிரல். வார்த்தை எதுவும் இல்லை. கட்டைவிரலை வைத்து என்ன முடிவு செய்வது என்று பேசினார்கள். தனியாக விசாரிக்க வேண்டும். செமஸ்டர் வந்துவிட்டது. யாருக்கும் நேரமில்லை.

விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒப்புக்கொண்டால் நிரூபணமானதாகக் கொள்ளலாம், நிரூபணமானால் ஓராண்டு. ஒப்புக்கொள்ளாதவனுக்குச் சந்தேகத்தின் பலன். ஒப்புக்கொண்டவளுக்குச் சந்தேகமே இல்லை.

அறைக்குள் இது எனக்குச் சரியாகத்தான் பட்டது. கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சரியாகப் படவில்லை. அதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஹெப்சி


அனகாபுத்தூர்
2 ஏப்ரல் 2025

ஹெப்சி,

பெருநாள் முடிந்துவிட்டது. உனக்குப் பிரியாணி அனுப்ப வேண்டும் என்று அம்மா சொன்னாள். ஹெப்சி ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்த வாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அத்தாவை உனக்குத் தெரியும். பம்மலில் அவர் மெத்தைக் கடைக்கு வந்திருக்கிறாய், தலையணை பேரம் பேசியிருக்கிறாய். கடையில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. பஞ்சு சரியில்லை என்று சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனால் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வார்த்தை மன்னிப்புதான். கரண்ட் பில் தப்பாக வந்தது என்று புகார் கொடுக்கப் போனவர், "மன்னிச்சுக்கங்க சார்" என்றுதான் தொடங்கினார். தப்பு செய்தவர்கள் அவர்கள். பள்ளியில் எனக்குப் பரிசு கொடுக்க அழைத்த நாளிலும் தலைமை ஆசிரியையிடம் அதைத்தான் சொன்னார். பிறகுதான் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்டார்.

அது ஒப்புதல் இல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிற மாதிரி.

குழுவின் நடவடிக்கைக் குறிப்பின் நகலை ஆணையோடு அனுப்பியிருந்தார்கள். அதில் இப்படி இருக்கிறது: "குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. பெற்றோர் தவறை ஏற்றுக்கொண்டார்." நீ எழுதியதில் வாசித்ததாகவே வரவில்லை.

ஆகையால் ஒன்றை மட்டும் சொல். முதலில் எது? வாசித்தார்களா? கை கூப்பினாரா?

25ஆம் தேதி மேல்முறையீடு. விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஆபேலைத் தண்டியுங்கள் என்று கேட்கவில்லை. ஒரே தப்புக்கு ஒரே அளவு என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

சித்திகா


சேலையூர்
7 ஏப்ரல் 2025

சித்திகா,

கை கூப்பியதுதான் முதலில். குற்றச்சாட்டைப் பிறகு வாசித்தார்கள், கோப்பை மூடும் முன்பு, வேகமாக. உன் அத்தாவுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. ஆங்கிலம்.

யாரும் பொய் எழுதவில்லை. குறிப்புக்கு ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். குற்றச்சாட்டு, பதில், முடிவு. எது முன்னால் நடந்தாலும் தாளில் அந்த வரிசையில்தான் வரும். அதைத் தட்டச்சு செய்தது என் அம்மா. கல்லூரி அலுவலகத்தில் எந்தத் தாளில் என்ன சந்தேகம் வந்தாலும் எல்லாரும் முதலில் ரத்தினபாய் மேடத்தைத்தான் கேட்பார்கள். மேல்முறையீட்டுக் குழு முன்னால் நான் வரிசை மாறிவிட்டது என்று சொன்னால், அடுத்த கேள்வி அவளுக்கு வரும்.

இன்னொன்று. ஒரே அளவு என்று கேட்டிருக்கிறாய். உன்னுடையதைக் குறைத்தும் சமம் செய்யலாம். ஆபேலுடையதைக் கூட்டியும் செய்யலாம். இரண்டாவதுதான் அவர்களுக்குச் சுலபம். அப்போது உனக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது, அவனுக்கு ஒரு வருடம் போயிருக்கும். அது நியாயமாகத் தெரியுமா? எனக்கு விடை தெரிந்து கேட்கவில்லை.

குழுவில் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. நீங்கள் அப்படி நிரப்பியதால் யாருக்கு என்ன கெட்டது? எவ்வளவு தண்டனை என்று ஒரு மணி நேரம் பேசினோம். எதற்கு என்று பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், கேட்க உரிமை இருக்கிறதோ இல்லையோ.

25ஆம் தேதி பேசுவேனா என்று இந்தக் கடிதத்தில் எழுத வந்தேன். எழுத முடியவில்லை.

ஹெப்சி


அனகாபுத்தூர்
11 ஏப்ரல் 2025

ஹெப்சி,

பேசாதே.

நீ தயங்கியதற்காகச் சொல்லவில்லை. தயங்காமல் இருந்திருந்தாலும் இதையே எழுதியிருப்பேன்.

மேல்முறையீட்டுக்கும் பெற்றோர் வர வேண்டும். நீ பேசினால் அத்தாவுக்கு முன்னால்தான் பேசுவாய். இதுவரை நான் அவரிடம் காலேஜ் ரூல் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் வேறு ஒரு கதையை நம்பிக்கொண்டிருக்கிறார். நேற்று கடைக்கு வந்த ஒருவரிடம் சொன்னதை நான் உள்ளே உறை தைத்தபடி கேட்டேன். "டிஸ்மிஸ்ஸே பண்ணியிருப்பாங்க பாய். நான் போய் கைய கூப்புனதால ஒரு வருஷத்தோட வுட்டாங்க."

தன் வார்த்தை என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறார். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பாய்?

வேலை போனால் போகட்டும். ஒரு வருடம் தலையணை தைக்கிறேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறப் போகிறேன்.

யாருக்கு என்ன கெட்டது என்று கேட்டிருந்தாய். யாருக்கும் ஒன்றும் இல்லை. எங்கள் தெருக்காரர்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே வேலை செய்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் எழுதினேன்.

சித்திகா


சேலையூர்
15 ஏப்ரல் 2025

சித்திகா,

இந்த முறை கோபத்தில்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். அவளை நினைத்து நான் தயங்கியதையும் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு, "டைப் பண்ணது நான்தான். நடந்த மாதிரி அடிக்கல, ஃபார்ம் இருந்த மாதிரி அடிச்சேன். கேட்டா அதையே சொல்லிட்டுப் போறேன். என்னைக் காரணம் காட்டி நீ வாயை மூடிக்காத" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இல்ல, காரணம் வேணும்னா வேற யாரையாவது பார்த்துக்க" என்றாள். அது வலித்தது. சரியான இடத்தில்.

நீ விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாலும் நான் பேசுவேன். என் கையெழுத்தும் அந்தத் தாளில் இருக்கிறது. அடுத்த வருடம் வேறொரு அப்பா வருவார். வெயிலில் பஸ் மாறி வந்து, உள்ளே நுழைந்ததும் கையைக் கூப்புவார். பேனாவை மூடி வைப்பார்கள். அவர் பிள்ளை என்ன செய்தாள், எவ்வளவு செய்தாள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை. நின்று பேசுகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வருடம். உன் அத்தாவைப் பார்த்துக்கொள்ள நீ இருக்கிறாய். அந்த அப்பாவுக்கு யார்?

25ஆம் தேதி நான் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டாம். அதற்குள் நீ சொல். இதை மிரட்டல் என்று நீ எடுத்துக்கொண்டால், சரி, மிரட்டல்தான்.

ஹெப்சி


அனகாபுத்தூர்
22 ஏப்ரல் 2025

சொல்லிவிட்டேன்.

நேற்று மதியம். கடையில் ஆள் இல்லை. தலையணையின் கடைசி ஓரத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். நீ எழுதிய முதல் கடிதத்திலிருந்து அப்படியே சொன்னேன். பேனாவை மூடி வைத்தது வரை. அவர் தையலை நிறுத்தவில்லை. முடிச்சுப் போட்டார். நூலைப் பல்லால் கடித்தார். தலையணையை இரண்டு பக்கமும் தட்டி அடுக்கில் வைத்தார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப மொதல்ல நான் இன்னா கேட்டிருக்கணும்?"

"இன்னா விஷயம்னு கேட்டிருக்கணும் அத்தா."

"ஒரு ப்ரொஃபசரப் பாத்து, எடுத்தவொடனே?"

"எடுத்தவொடனே."

"அது மரியாத இல்லியேமா."

அவர் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. இன்று காலை கடையைத் திறந்துகொண்டே ஷட்டரைப் பார்த்து, "இன்னா விஷயம் சார்" என்று சொல்லிப் பார்த்தார். நான் கேட்டதைக் கவனித்துவிட்டார். பஞ்சு மூட்டையை உதைத்து உள்ளே தள்ளினார்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. வருகிறோம்.

உனக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை.

சித்திகா


சேலையூர்
26 ஏப்ரல் 2025

சித்திகா,

நேற்றும் நீ வெளியேதான் நின்றாய். ஆகவே உள்ளே நடந்ததை எழுதுகிறேன், நடந்த வரிசையில்.

மூன்று புதியவர்கள், ஓரத்தில் ராஜகோபாலன் சார், அவருக்குப் பக்கத்தில் நான். உன் அத்தா நுழைந்தார். கைகள் எழுந்தன. பாதியில் நின்றன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தொட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்.

"இன்னா விஷயம்னு மொதல்ல சொல்லுங்க சார். மன்னிப்பு கேக்கணும்னா அப்புறம் கேக்குறேன்."

யாரும் சிரிக்கவில்லை. குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்தார்கள். முழுவதும் கேட்டார். "பூட்டின வூட்டுக்கு இவ எழுதுனது தப்பு. அந்தப் பையன் எழுதுனதும் அதே தப்புதான?" என்றார்.

நான் எழுந்து சொன்னேன். கை கூப்பியது முன்னால், வாசித்தது பின்னால். ராஜகோபாலன் சார் என்னை வெகுநேரம் பார்த்தார். மறுப்பார் என்று நினைத்தேன். "வரிசையை நான் கவனிக்கலை. இந்தப் பொண்ணு சொல்றது சரியா இருக்கலாம்" என்றார். அம்மாவை அழைத்தார்கள். என்னிடம் சொன்னதையே சொல்லிவிட்டுப் போனாள்.

முடிவை அனுப்பிவைப்பார்களாம். எப்படி வரும் என்று தெரியவில்லை. ஆபேலுக்கும் ஒரு வருடம் என்று வந்தால் அது என்னால் வந்தது. நாளை ஞாயிறு. அவன் அப்பா எங்கள் வரிசைக்கு முன் வரிசையில்தான் உட்காருவார்.

கிளம்பும்போது உன் அத்தா என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார். "சரியா கேட்டேனாம்மா?"

ஹெப்சி


அனகாபுத்தூர்
14 மே 2025

ஹெப்சி,

அவருக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. அவரும் சொல்லவில்லை. இருக்கட்டும்.

ஆணை உனக்கும் வந்திருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை. ப்ராஜெக்ட் ரத்து. பொய்யாக நிரப்பிய வீடுகளுக்கெல்லாம் நேரில் போய்க் கேட்டு மறுபடி எழுதித் தர வேண்டும். வைவா ஆகஸ்டில். சிறுசேரிக்கு ஒரு மாதம் தள்ளித் தரச் சொல்லி எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. வராது என்றுதான் நினைக்கிறேன்.

முந்தாநாள், "நாளைக்குப் படிவங்களோடு வா" என்று ஆபேலுக்குப் போனில் அனுப்பினேன். ஆமாம், போனில். கட்டைவிரல் வந்தது. அவன் வரவில்லை.

நான் மட்டும் போனேன். ஆற்றோரச் சந்தில் கடைசி வீடு. வெள்ளத்துக்குப் பிறகு குன்றத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இப்போது திரும்பி வந்திருக்கிறார்கள். கதவைத் தட்டினேன். அந்த அக்கா வெளியே வந்து என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இன்னா விஷயம்?" என்றார். எடுத்தவுடனே.

சொன்னேன். முன்பு உங்கள் பெயரில் நானே எழுதிவிட்டேன் என்பதையும் சொன்னேன். "இன்னா எழுதுன? படி" என்றார். படித்தேன். எத்தனை பேர், சரி. வேலை, சரி. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, முழங்கால்.

"முழங்காலா?"

உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். புது பெயின்ட்டுக்கு மேலும் கோடு தெரிந்தது. என் நெஞ்சுக்கு நேராக. "இங்க கீது பாரு தண்ணி. மாமியார டேபிள் மேல சேர் போட்டு குந்த வெச்சினு, ராத்திரி பூரா சேர புடிச்சினு நின்னேன். நீ முழங்கால்னு எழுதிட்டு போயிட்ட."

எங்கள் வீட்டில் முழங்கால் வரைதான் வந்தது. அதையே அவர்களுக்கும் எழுதியிருந்தேன்.

யாருக்கு என்ன கெட்டது என்று நீ கேட்டதற்கு, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலை மாற்றிக்கொள்கிறேன். ஒரு வருடம் அதற்குச் சரியான அளவு இல்லை என்பதை மாற்றிக்கொள்ளவில்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். விஷயம் தெரிந்த பிறகு. அவர் "சரி, வுடு" என்று சொல்லவில்லை. பாயைப் போட்டு, "குந்து. மொதல்லேர்ந்து கேளு" என்றார்.

முதலிலிருந்து கேட்டேன். படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சித்திகா